நீகாத்தாவில் ஐந்து ஆண்டுகள்: விடுமுறை நாட்களில் கற்றவை

2014 ஜூலை கடைசியில் நரிதா விமான நிலையத்தில் இறங்கியபோது, ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஜெட் திட்டத்தின் வழியாக வந்திருந்தேன். 1987இல் ஜப்பான் தொடங்கிய திட்டம் அது. வெளிநாட்டுப் பட்டதாரிகளை ஜப்பானின் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களாக அனுப்பிவைக்கிறார்கள். எங்களை ஏ.எல்.டி. என்பார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. நமக்கும் பிடித்து அவர்களுக்கும் பிடித்திருந்தால் ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம். நான் ஐந்தும் இருந்தேன்.

டோக்கியோவில் பயிற்சி முடிந்து, ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நாகாவோக்கா வந்து, அங்கிருந்து காரில் ஒரு சிற்றூர். நாலா பக்கமும் நெல் வயல். கொஷிஹிக்காரி அரிசிக்குப் பேர்போன நீகாத்தா மாகாணம். கல்வி வாரியத்திலிருந்து வந்தவர் என்னை நேராக நடுநிலைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். வாசலில் வரிசை வரிசையாக மர அடுக்குகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு பிள்ளையின் பெயர். வெளிச் செருப்பை அதில் வைத்துவிட்டு உட்காலணி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆசிரியர்களுக்கான அடுக்கில் கடைசி அறையில் என் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான கதகானா எழுத்தில் எழுதி ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனால் நடைபாதை முழுக்க அமைதி. பிள்ளைகள் யாரும் இல்லை. கோடை விடுமுறை.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜெட் திட்டத்தில் வருகிறவர்களோ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் வந்து இறங்குவோம். அதனால் முதல் மாதம் பாடமே இருக்காது. ஆனால் விடுமுறை பிள்ளைகளுக்குத்தான், ஆசிரியர்களுக்கு இல்லை. காலை எட்டேகாலுக்கு எல்லாரும் ஆசிரியர் அறையில் இருப்பார்கள். நானும் இருக்க வேண்டும். மேசை, நாற்காலி, மின்விசிறி, குளிர்ந்த வாற்கோதுமைத் தேநீர், ஜன்னலுக்கு வெளியே விடாமல் கத்தும் சில்வண்டு. முதல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய், செருப்பு அடுக்கில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். கஞ்சி என்ற சீன வடிவ எழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்று பள்ளியின் பராமரிப்பு ஊழியரிடம் கேட்டேன். யோமுயின்சான் என்று எல்லாரும் கூப்பிடும் அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊர்க்காரர். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு, "இவன் தாத்தா எனக்கு வகுப்புத் தோழர்", "இவள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று சேர்த்துச் சொல்வார். செப்டம்பரில் வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் தெரிந்திருந்தன. பாடத் திட்டம் எதுவும் தராத பலனை அது தந்தது.

பிள்ளைகள் யாரும் இல்லை என்று சொன்னேனே தவிர, உண்மையில் பள்ளி முழுக்க வெறுமை இல்லை. நடுநிலைப் பள்ளிகளில் கோடையிலும் மன்றப் பயிற்சிகள் நடக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைப்பந்து, மைதானத்தில் பேஸ்பால், இசை அறையிலிருந்து எக்காள ஒலி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மேசையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்காதீர்கள். துணைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மன்றங்களுக்குப் போங்கள். அவர்தான் ஆசிரியர் அறையின் நிர்வாகி. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும், யாரும் தடுக்க மாட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை மேசைப்பந்து மட்டையைக் கையில் எடுத்தால் பேசும்.

வந்து சேர்ந்த வாரத்திலேயே நாகாவோக்கா வாணவேடிக்கை. ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் ஷினானோ ஆற்றங்கரையில் நடக்கும். நான் அதை வெறும் திருவிழா என்று நினைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆங்கில ஆசிரியைதான் விளக்கினார். 1945 ஆகஸ்ட் 1 இரவு பத்தரை மணிக்கு அந்த நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. நகரம் எரிந்தது, 1,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று சரியாக அதே பத்தரை மணிக்கு வெள்ளைச் சாமந்தி என்ற பெயரில் வெள்ளை வாணங்களை மட்டும் ஏற்றுகிறார்கள். 2004 அக்டோபர் 23இல் இந்தப் பகுதியில் வந்த சூயெத்சு பூகம்பத்துக்குப் பிறகு, மீண்டெழுந்ததன் அடையாளமாக ஃபீனிக்ஸ் என்ற பெரிய வாணவரிசையும் சேர்ந்தது. ஆற்றின் ஒரு நீளம் முழுக்க வானம் பொன்னாக விரிந்தபோது அந்த ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இந்த ஊரில் கொண்டாட்டத்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவே கோடு கிடையாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் ஓபோன் வந்தது. முன்னோர்கள் வீட்டுக்குத் திரும்பி வரும் நாட்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. நாட்காட்டியில் பொது விடுமுறை இல்லை, ஆனாலும் நாடே ஊருக்குப் போகும். நானும் எங்கேயாவது கிளம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது யோமுயின்சான் வந்து, "சென்செய் (ஆசிரியரே), 13ஆம் தேதி சாயங்காலம் வேலை இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றார். போனேன். அவருடைய அம்மா, மனைவி, டோக்கியோவிலிருந்து வந்திருந்த மகன் குடும்பம் எல்லாரும் காகித விளக்குகளை ஏந்திக் கல்லறைக்கு நடந்தோம். அகப்பையில் நீர் மொண்டு கல்லின் மேல் ஊற்றிக் கழுவி, பூ வைத்து, ஊதுவத்தி கொளுத்தினார்கள். ஊரில் எல்லாக் குடும்பமும் அங்கேதான் இருந்தது. இருட்டத் தொடங்கியதும் மலைச்சரிவு முழுக்க விளக்கு.

வீட்டில் வழிபாட்டு மாடத்தின் முன்னால் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் குச்சிக் கால்களோடு நின்றன. யோமுயின்சானின் அம்மா, அந்த வீட்டுப் பாட்டி, எனக்குச் சொல்லித் தந்தார்: வெள்ளரிக்காய் குதிரை. முன்னோர்கள் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று. கத்தரிக்காய் மாடு. போகும்போது மெதுவாகப் போகட்டும் என்று. எனக்கு ஆடி அமாவாசை அன்று எங்கள் வீட்டில் தாத்தா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பது நினைவுக்கு வந்தது. தெரிந்த ஜப்பானிய மொழியில் அதைச் சொன்னேன். "உங்கள் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். தயிர்ச்சோறு என்பதை விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. தயிர், சோறு என்று தனித்தனியாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

இவ்வளவு நல்ல பாடம் கிடைத்தும் அடுத்த வசந்தத்தில் அதை மறந்துவிட்டேன். 2015 கோல்டன் வீக். ஏப்ரல் 29, மே 3, 4, 5 என நான்கு பொது விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் அந்தப் பெயர். அந்த வருடம் மே 3 ஞாயிற்றுக்கிழமை. ஈடாக 6ஆம் தேதியும் விடுமுறை. ஐந்து நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததும் கியோட்டோ கிளம்பினேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரை முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போனேன். கியோட்டோவில் அறை கிடைக்காமல் ஓசாக்காவில் வழக்கத்தைவிட இரு மடங்கு காசு கொடுத்துத் தங்கினேன். கியோமிசு கோயிலுக்கு ஏறும் தெருவில் நகரக்கூட இடமில்லை. பணமும் போய், உடம்பும் களைத்து, கிளம்பும்போது இருந்ததைவிட மோசமான மனநிலையில் புதன் இரவு திரும்பினேன்.

இதில் நான் கற்றதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கோல்டன் வீக், ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்றும் ஜப்பானியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பயணம் செய்யும் காலம். போயே ஆக வேண்டுமென்றால் ஷின்கான்சென் முன்பதிவு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்குத் திறக்கும், அன்றைக்கே எடுங்கள். இப்போது அந்த மூன்று காலங்களிலும் கியோட்டோ வழியாகப் போகும் நொசோமி வகை ஷின்கான்சென் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது; என்னைப் போல நின்றுகொண்டு போகலாம் என்று நம்பிப் போக வேண்டாம். ஊர் சுற்ற வேறு நாட்கள் இருக்கின்றன. ஜூலை கடைசி, ஆகஸ்ட் கடைசி, மார்ச் கடைசி எல்லாம் பாடம் இல்லாத காலம். ஆண்டு விடுப்பை அங்கே எடுங்கள். என் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 20 நாள் இருந்தது. ஊருக்கு ஊர் இது மாறும். காசு குறைவாக இருந்த காலத்தில் எனக்குக் கை கொடுத்தது சேய்ஷுன் 18 பயணச்சீட்டு. அப்போது 11,850 யென்னுக்கு நாம் விரும்பிய ஐந்து நாட்கள், நாடு முழுவதும் ஜே.ஆர். ரயில் நிறுவனங்களின் சாதாரண ரயில்களில் போகலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியாக 3 அல்லது 5 நாள் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பிரித்துப் பிரித்து அந்தச் சீட்டில்தான் ஜப்பான் கடலோரம் முழுக்கப் பார்த்தேன்.

விடுப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது. துணைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய், சேர்ந்து பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் சொந்த வேலை என்று எழுதினால் போதும், யாரும் துருவ மாட்டார்கள். திரும்பி வரும்போது ஓமியாகே கட்டாயம். போன ஊரின் இனிப்பு, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்க வேண்டும். ஆசிரியர்களை மட்டும் எண்ணி வாங்காதீர்கள். அலுவலக ஊழியர், செவிலி ஆசிரியை, யோமுயின்சான் எல்லாரையும் சேர்த்து எண்ணுங்கள். காலையில் முதல் ஆளாக வந்து ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வைத்துக்கொண்டு போவேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவராக வந்து, எங்கே போனேன், மழை பெய்ததா, என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார்கள். கூச்சத்தால் பேசாமல் இருந்த அறிவியல் ஆசிரியர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஓர் இனிப்பின் மூலமாகத்தான்.

சாதாரண நாட்களைப் பற்றியும் கொஞ்சம். எனக்கு மிகவும் பிடித்த நேரம் மதிய உணவு. உணவுக்கூடம் கிடையாது, வகுப்பறையிலேயே சாப்பாடு. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளைகள் பாத்திரங்களைத் தூக்கி வந்து பரிமாறுவார்கள். எல்லாருக்கும் வைத்த பிறகு கைகூப்பி "இததாகிமாஸ்" சொல்லித்தான் முதல் வாய். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு, 200 மில்லி பாலோடு. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பாடம் தொடங்கிய முதல் மாதம், ஜப்பானியக் கறிக் குழம்பு தரும் நாளன்று பன்றி இறைச்சிதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு சாப்பிட்டேன். பல வாரம் கழித்துத்தான், அந்தக் குழம்புக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்று தெரிந்தது. அன்றைக்கு மனம் கனத்துப்போனது. யாரும் ஏமாற்றவில்லை, நான் கேட்ட கேள்வி போதவில்லை. அதன் பிறகு மாதாமாதம் தரும் உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு சத்துணவு ஆசிரியையிடம் போய் உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நாளின் பொருட்களும் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பிரிவாக இருக்கும்: உடம்பை வளர்ப்பவை, சக்தி தருபவை, உடம்பைச் சீராக வைப்பவை. சிவப்புக் கட்டத்தில் மாடு என்ற எழுத்தைத் தேடி வட்டமிட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். பெரும்பாலான சூப்களின் அடியில் மீன் சாறு இருக்கும். இறைச்சி இல்லை என்பதையும் மீன் சாறு இல்லை என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் சுத்தம் செய்யும் நேரம். பிள்ளைகளோடு ஆசிரியர்களும் துணி பிழிந்து தரை துடைப்பார்கள். நானும் துடைத்தேன். வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூசும் பிள்ளைகள் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே என்னென்னவோ கேட்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

குளிர்காலம் பற்றி சிங்கப்பூர்க்காரருக்கு என்ன சொன்னாலும் அனுபவித்தால்தான் தெரியும். வீட்டில் எல்லா அறைக்கும் சேர்ந்த வெப்பமூட்டி கிடையாது. 18 லிட்டர் கேனில் மண்ணெண்ணெய் வாங்கி வந்து அடுப்பில் ஊற்ற வேண்டும். சாலைகளின் நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். அந்த நீரிலுள்ள இரும்பால் தெருவெல்லாம் துருநிறம். பனி விழும் இரவில் காரின் துடைப்பான்களை நிமிர்த்தி வையுங்கள், காலையில் அரை மணி முன்னதாக எழுங்கள், மண்வாரி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் வேலை நாள். உண்மையான விடுமுறை டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை. முதல் புத்தாண்டுக்கு வீட்டில் தனியாக இருந்தேன், அதுவும் தயார் இல்லாமல். எங்கள் ஊர் வங்கியின் ஏ.டி.எம். மூடியிருந்தது, குப்பை வண்டி வரவில்லை, 31ஆம் தேதி காய்ச்சல் வந்தது. வழக்கமாகப் போகும் மருத்துவர் வீட்டிலும் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாதான் ஊராட்சியின் மாத இதழை எடுத்து வந்து, விடுமுறை நாளில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்ற பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் என் தபால் பெட்டிக்கு வந்துகொண்டிருந்த இதழ்தான் அது. வாசிக்கத் தெரியாது என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஒரு பக்கத்தையாவது குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது வருடம் யோமுயின்சான் வீட்டில். 31 இரவு உப்பிட்ட சால்மன் மீன், சேப்பங்கிழங்கு போட்டு ஆறவைத்த நொப்பே என்ற காய்க் குழம்பு. நள்ளிரவுக்கு முன் பனியில் நடந்து கோயிலுக்குப் போய், 108 முறை அடிக்கும் மணியில் ஒரு முறை என் கையால் அடித்தேன். ஜனவரி 1 காலை வாழ்த்து அட்டைகள் வரும். டிசம்பர் 25க்குள் போட்டுவிட்டால் புத்தாண்டன்றே சேரும்படி தபால் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு எழுதுங்கள், அவர்கள் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆனால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் சாவு நடந்த வீட்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்பக் கூடாது. அவர்களே டிசம்பர் தொடக்கத்துக்குள் துக்க அட்டை அனுப்பித் தெரிவிப்பார்கள். நம் வீடுகளிலும் துக்க வருடத்தில் தீபாவளி, பொங்கல் இல்லை என்போமே, அதேதான். 2017 டிசம்பரில் அந்தத் துக்க அட்டை யோமுயின்சான் வீட்டிலிருந்து வந்தது. வெள்ளரிக்காய்க் குதிரை செய்து காட்டிய பாட்டி.

பணம் பற்றி இரண்டு விஷயம் மட்டும். நான் சேர்ந்தபோது முதலாண்டுச் சம்பளம் 33,60,000 யென். முதல் வருடம் கையில் நிறைய நிற்பதுபோல் தெரியும், நம்ப வேண்டாம். குடியிருப்பு வரி முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருமானத்துக்கு ஜூனில் வரும். எனக்கு 2015இல் ஐந்து மாதச் சம்பளத்துக்குத்தான் கணக்கு. 2016இல் முழு வருடத்துக்கும் வந்தது. ஜனவரி 1 அன்று யார் அங்கே குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு வரி உண்டு. ஜூலையில் நாடு திரும்பினாலும் மீதியைக் கட்டியே ஆக வேண்டும். ஓய்வூதியத்துக்குக் கட்டியதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம், விண்ணப்பம் நாட்டை விட்டுப் போன இரண்டு வருடத்துக்குள். நான் கிளம்பியபோது மூன்று வருடத்துக்கு மட்டும் கணக்கிட்டார்கள். 2021 ஏப்ரல் முதல் அதை ஐந்து வருடமாக உயர்த்தியிருக்கிறார்கள்.

கடைசி கோல்டன் வீக் 2019. மே 1 அன்று புதிய பேரரசர் அரியணை ஏறியதால், ஏப்ரல் 27 முதல் மே 6 வரை பத்து நாள் விடுமுறை. ஆசிரியர் அறையில் எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். வயலுக்கு என்றேன். நடவு இயந்திரத்தை யோமுயின்சானின் மகன் ஓட்ட, இயந்திரம் எட்டாத மூலைகளில் யோமுயின்சானும் நானும் குனிந்து நாற்றை ஊன்றினோம். மலையில் இன்னும் பனி இருந்தது. சேறு கணுக்காலில் சில்லென்று ஏறியது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "நம்ம பாட்டி செஞ்ச வேலைடா இது," என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்.

ஜூலையில் அடுத்து வருகிறவருக்காக ஒப்படைப்புக் கடிதம் எழுதினேன். குப்பை நாட்காட்டி, மருத்துவர் பட்டியல், மண்ணெண்ணெய் எங்கே மலிவு, எந்த வகுப்பில் யாருக்குக் கூச்சம் அதிகம் என்று ஒன்பது பக்கம். செருப்பு அடுக்கிலிருந்து என் பெயரை உரித்து எடுத்துக்கொண்டேன். யோமுயின்சான் புதியவரின் பெயரை அதே இடத்தில் ஒட்டினார். பிறகு கடிதத்தைத் திரும்பத் திறந்து முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி சேர்த்தேன்: "ஆகஸ்ட் 13 சாயங்காலத்துக்கு எங்கேயும் டிக்கெட் எடுக்க வேண்டாம். கூப்பிட வருவார்கள்."